புறங்கைச் சூடு

கம்பம்,
மார்ச் 3, செவ்வாய்.

அன்புள்ள தம்பி ஈஸ்வரபாண்டிக்கு,

அக்கா பவுனு எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும். என் நலத்தைத்தான் நீ வெட்டிவிட்டாயே. உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை. ஆனாலும் பேனாவை எடுத்துவிட்டேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல் கீழே வைக்கப் போவதில்லை.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். தலை வாரவும் கரண்டி பிடிக்கவும் அந்தக் கை பழகிவிட்டது, எழுத இப்போதுதான் பழகுகிறது. ஒரு பக்கம் முடிக்க அரை நாள் ஆகிறது. ஒண்ணாம் கிளாஸில் நீ எழுதிய எழுத்தைப் பார்த்து நான் சிரித்ததற்குப் பதிலாக இப்போது நீ சிரித்துக்கொள்.

இதை உன்னிடம் தருவதற்கு முன்னால் பிரித்துப் படிக்கிற ஜெயில் ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, இவன் என் கூடப்பிறந்தவன். நான் திட்டுவதை மை போட்டு அடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

நேற்று உன் பெண்டாட்டி சங்கிலியம்மாள் வந்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. வாசலில் நின்று, 'மதினி, உள்ள வரட்டுமா' என்று கேட்டாள். நான் குடத்திலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டேன். அவளாக வந்து தரையில் உட்கார்ந்து உன் வக்கீல் சொல்லிவிட்டதை ஒப்பித்தாள். இருபதாம் தேதி உத்தமபாளையம் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறும்போது, நீ விளக்கைத்தான் வெட்டினாய், நான்தான் குறுக்கே கையை நீட்டினேன் என்று சொல்ல வேண்டுமாம். அப்படிச் சொன்னால் கேஸ் சின்னதாகிவிடுமாம், உள்ளே இருந்த நாளே போதும் என்று உன்னை விட்டுவிடுவார்களாம்.

சொல்லாவிட்டால் வக்கீலுக்கு வேறு வழி இருக்கிறதாம். கஞ்சாவுக்கு மகனைப் பறிகொடுத்த தகப்பன், அக்காள் வீட்டில் ஊதா வெளிச்சத்தைப் பார்த்துப் புத்தி கலங்கிவிட்டான் என்று வாதாடுவாராம். கார்த்திக்ராஜ் பேரைச் சொல்லி, ரோட்டில் செத்த அன்றைக்கு அவன் சட்டைப்பையில் என்ன இருந்தது என்பதையும் சொல்லி.

அதைக் கேட்டதும் கையில் இருந்த செம்பை அவள் மேல் எறிந்தேன். நெற்றிக்குத்தான் எறிந்தேன், இடது கை என்பதால் குறி தப்பித் தோளில் விழுந்தது. அவள் எழுந்து ஓடவில்லை. 'இன்னொண்ணு எறிங்க மதினி, எம்புள்ளயோட என்னையும் அனுப்பிருங்க' என்று தலையைத் தரையில் முட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் நானே அவள் முடியைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். தோளில் முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. விளக்கெண்ணெய் தடவிவிட்டேன். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். அவள் அழுதாள், நான் அழவில்லை.

ஜாமீன் வேண்டாமென்று நீயே சொல்லிவிட்டாயாம். வெளியே வந்தால் மச்சான் வெட்டுவார், வெட்டட்டும், ஆனால் அவரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம் என்றாயாம். மச்சானைப் பற்றி நீ நினைத்தது சரிதான். மோட்டார் காயில் கட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாத என் வீட்டு மனுஷன், நான் தேனி பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது புதுசாக ஓர் அரிவாள் அடிக்கக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். 'அவன் கழுத்துக்குன்னே அடிச்சது' என்று விருந்தாளிக்கெல்லாம் காட்டுகிறார். நான் அதை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். டிரம்மில் அரிசி குறையும்போதெல்லாம் இன்னும் ஐந்து படி வாங்கிக் கொட்டுகிறேன்.

கை கடுக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி.

போலீசில் நீ கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அக்காள் வீட்டு மாடி அறையில் ஊதா வெளிச்சம் எரிந்தது, கதவு எப்போதும் பூட்டிக் கிடந்தது, ஜன்னலில் கறுப்பு ஷீட், சந்து முழுக்க ஒரு மாதிரி வாசம், அதனால் கஞ்சாச் செடி என்று நினைத்தேன். இதுதானே நீ சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேலே கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். இப்போது எழுத்தில் காட்டுகிறேன், உட்கார்ந்து படி.

அங்கே வளர்ந்தது லெட்யூஸ் என்கிற இலைக்கீரை. கூடவே திருநீற்றுப்பச்சை, அதிலும் வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டில் போடுகிற அகல இலை ஜாதி. குமுளி, தேக்கடி ஹோட்டல்களுக்குத் தினமும் வேண்டும். ஊட்டியிலிருந்து வருவது வாடி வருகிறது. லெட்யூஸுக்கு நம்ம வெயில் ஆகாது. அறைக்குள் இருபத்தெட்டு டிகிரி தாண்டினால் நடுத்தண்டு சரசரவென்று வளர்ந்து, இலையில் பால் ஏறி, வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிடும். சித்திரையில் நம்ம மொட்டைமாடி அறை நாற்பதுக்கு நிற்கும். அதைச் செடிக்குத் தகுந்த மாதிரி இறக்குவதுதான் முழுப் பாடும். செடி வளர்ப்பது பிறகுதான்.

முதலில் நான் வாங்கி மாட்டியது தெருவிளக்குக்குப் போடுகிற மஞ்சள் சோடியம் விளக்கு. பழைய சாமான் கடையில் கிடைத்தது. வெளிச்சம் என்னவோ சூரியன் மாதிரிதான், சூடும் அப்படியே. மூன்றே நாளில் மேல் தட்டுச் செடியெல்லாம் அப்பளம் பொரித்தது போல ஓரம் சுருண்டுவிட்டது. அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினோம். செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் முக்கியமான சாப்பாடு, அதனால் மலிவாகக் கிடைக்கிற செடி விளக்கில் அந்த இரண்டு நிறம் மட்டும் வைக்கிறார்கள். இரண்டும் கலந்தால் ஊதா. அவ்வளவுதானடா உன் ஊதா வெளிச்சம்.

எல்.இ.டி.யிலும் சூடு உண்டு, ஆனால் கீழே இறங்காது, முதுகில் நிற்கும். அதனால் முதுகுக்கு அலுமினியப் பட்டை வைத்து, கரண்டை மாற்றிக் கொடுக்கிற டப்பாக்களை அறைக்கு வெளியே மரப்பெட்டியில் வைத்தோம். மேற்கு ஜன்னலில் தெர்மாகோல் அடைத்து அதன் மேல் கறுப்பு ஷீட் ஒட்டியது பகல் வெயில் உள்ளே வராமல் இருக்க. மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம், அதிலேயே நாலு டிகிரி இறங்கியது. கீழே ஈரச்சாக்கு தொங்கவிட்டு, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம், அதுவும் போதாத பகலுக்கு ஒரு பழைய ஏ.சி. சாக்கின் ஈரம் கூடிப்போய் ஒரு வாரம் வேர் அழுகியது, பிறகு சாக்கைப் பாதியாக மடித்தோம். கதவைத் திறந்தால் இத்தனையும் பாழ், அதனால்தான் பூட்டு. அந்த ஃபேன் ஓட்டை வழியாகச் சந்துக்குப் போனது விளக்கு வெளிச்சமும் திருநீற்றுப்பச்சை வாசமும்தான். முருகன் கோயில் வாசலில் பிறந்து வளர்ந்த உனக்கு அந்த வாசம் தெரியவில்லை.

விளக்கைச் சாயங்காலம் ஆறுக்குப் போட்டு, மறுநாள் காலை பத்துக்கு அணைப்போம். பகலில் போட்டால் வெளிச் சூடும் உள் சூடும் சேர்ந்துவிடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் ராத்திரித் தொழில் என்றாய்.

அப்புறம் அந்த வார்த்தை. ஆடி மாதம் குமுளி பஸ்ஸில் வரும்போது ஹோட்டல்காரருக்குப் போனில், நாளைக்கு முப்பது பொட்டலம் வரும், இலை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பின் சீட்டில் உன் கூட்டாளி ஒச்சாண்டி இருந்திருக்கிறான். ஊர் உலகத்தில் பொட்டலம் என்றால் கடலை, சுண்டல், விபூதி. நம்ம ஊரில் பொட்டலம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பேரைச் சொன்னாலே வெளியூர்க்காரன் ஒரு மாதிரி சிரிக்கிறான் என்று நாம்தான் கோபப்படுகிறோம். அந்தச் சிரிப்பை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறவர்களும் நாம்தான். பாக்கெட் என்று சொல்லியிருந்தால் என் கை இன்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கும்.

மார்ச் 9, திங்கள்.

இரண்டு நாள் எழுதவில்லை. எழுத வேண்டியது அடுத்து என்ன என்று தெரிந்ததால் பேனாவைத் தொட மனசு வரவில்லை.

ஆடி இருபத்தெட்டு, புதன்கிழமை, காலை ஏழு மணி. நான் மேலே தட்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கடைக்குப் போய்விட்டார். ஆடிக் காற்று மாடிக் கதவை அடித்துக்கொண்டே இருந்தது, நீ ஏறி வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், வாசலில் நீ. லுங்கியை மடித்துக் கட்டி, கையில் வாழைக்குலை வெட்டுகிற அரிவாள். ஊதா வெளிச்சத்தில் உன் முகம் கறுப்பாகத் தெரிந்தது. தம்பி வந்திருக்கிறானே, பலகாரம் ஒன்றும் செய்யவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன்.

'எம்புள்ளயக் கொன்னவ நீதானாடீ' என்று கேட்டாய். அக்காளை டீ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். நான் பதில் சொல்வதற்குள் தட்டு அடுக்கை ஒரு மிதி. நாலு வரிசை தட்டும் சரிந்து, செடி நட்ட தேங்காய் நார்த்தூளும் தண்ணீரும் முழங்கால் வரைக்கும் கொட்டியது. அடுத்தது ஃபேன். அடுத்தது ஏ.சி. அதன் வயிற்றில் வெட்டினாய், புஸ்ஸென்று காற்று பீறிட்டது. மேலே தொங்கிய விளக்குகளில் இரண்டை வெட்டினாய், ஒயர் அறுந்து தீப்பொறி பறந்தது, தண்ணீரில் வெறுங்காலோடு நின்ற நாம் இரண்டு பேரும் அங்கேயே சாகாமல் போனது எப்படியென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே நான் நின்றேன்.

விளக்கைத்தான் வெட்டினான் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். ஏலே, நீ என் கண்ணைப் பார்த்துத்தான் ஓங்கினாய். விளக்கு என் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அரிவாள் என் இடது கழுத்துக்கு வந்தது. வலது கையைக் குறுக்கே வைத்தேன். எலும்பில் இறங்கிய சத்தம், கரும்பை முறிக்கிற சத்தம்தான். நீ அரிவாளை இழுத்தபோது அது எலும்பில் மாட்டிக்கொண்டு வரவில்லை. காலை என் வயிற்றில் ஊன்றி இழுத்தாய். சின்ன வயதில் முல்லையாற்றில் நீ முங்கினபோது முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேனே, அந்த வயிற்றில்தான் உன்னைப் போட்டு அமுக்கித் தண்ணீர் எடுத்தேன்.

பிறகு நீ ஓடவில்லை. தரையில் கிடந்த ஒரு செடியை எடுத்தாய். கிள்ளிப் பார்த்தாய். மோந்து பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கண் இருட்டிவிட்டது. போலீஸ் வந்தபோது எஸ்.ஐ. ஓர் இலையை வாயில் போட்டு மென்று, கீரை என்றாராம். நீ அந்த ரத்தத் தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாயாம்.

கார்த்தி எனக்கு ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆமாம், கார்த்திதான், அதற்கு வருகிறேன். விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று பார்க்க, இலை இருக்கிற மட்டத்தில் புறங்கையை விரித்து வைத்து முப்பது எண்ண வேண்டும். முடிவதற்குள் சூடு தெரிந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்ற வேண்டும். உள்ளங்கை வேலை செய்து மரத்துப்போயிருக்கும், புறங்கைதான் பொய் சொல்லாது என்பான். போன மாதம் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். மட்டம் தெரியாமல் அது மேலே ஏறி விளக்கின் முதுகில் பட்டிருக்கிறது. முப்பது வரை எண்ணினேன், ஒன்றும் தெரியவில்லை. தோல் கருகிய வாசம் வந்த பிறகுதான் கையை இழுத்தேன். அந்தக் கையில் நரம்பு இல்லை என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்று மட்டும் நீ எதிரில் இருந்திருந்தால், மச்சானின் அரிவாளை நானே டிரம்மிலிருந்து எடுத்திருப்பேன்.

மார்ச் 11, புதன்.

இனி எழுதப் போவதை மச்சானுக்குக்கூட நான் சொன்னதில்லை.

அந்த அறை என் யோசனை இல்லை. கார்த்தியின் யோசனை. சுண்ணாம்பு அடித்ததும் தெர்மாகோல் அடைத்ததும் டப்பாக்களை வெளியே தூக்கி வைத்ததும் அவன். மேலே நான் வாங்கினேன், நாங்கள் மாட்டினோம் என்று எழுதியதில் பாதி அவன்தான். காலேஜில் அரியர் வைத்துவிட்டு வந்தான் என்று நடுத்தெருவில் வைத்து நீ செருப்பால் அடித்தாயே, அதற்கு மறுநாள் என் வீட்டுக்கு வந்தான். அவன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. சிகரெட் குடிப்பான், ஒருநாள் மாடியில் பிடித்து நானே அறைந்தேன். ஆனால் என் வீட்டுக்கு வந்துபோன மூன்று மாதமும் அவன் போதையில் இருந்து நான் பார்த்ததில்லை. செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் ஹோட்டலுக்குச் சரக்கு ஒழுங்காகப் போகட்டும், 'அப்பாட்ட நானே வந்து சொல்றேன் அத்தை, அதுவரைக்கும் வாயத் தொறக்காதீக' என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஊதா வெளிச்சம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். இலை மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது, நோய் முற்றிய பிறகுதான் தெரியும். வெள்ளை எல்.இ.டி. மாட்டிவிட வேண்டும் என்று தேனியில் ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தான். வீரபாண்டித் திருவிழா முடிந்து, நீ அக்கினிச்சட்டி எடுத்த கைச் சூடு ஆறாத வாரம், வெள்ளிக்கிழமை, விளக்கு வந்துவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்தது. கத்திரி வெயில். சாயங்காலம் போகிறேன் அத்தை என்றான். நான்தான், ஆறு மணிக்கு விளக்குப் போட வேண்டும், அதற்குள் மாட்ட வேண்டும், இப்போதே போ என்று மத்தியானம் அனுப்பினேன். சோறு உலையில் இருந்தது. வந்து சாப்பிடுகிறேன் என்று போனான்.

போகும்போது ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டேன். வெளியே மரப்பெட்டியில் டப்பாச் சூடு வீணாகத்தானே போகிறது என்று, அதன் மேல் சல்லடை வைத்துத் திருநீற்றுப்பச்சையைக் காய வைப்போம். காய்ந்த இலையைத் தேனியில் ஒரு பீட்சாக் கடை கேட்டிருந்தது. மாதிரிக்கு ஒரு பிடி. தினசரி காலண்டரில் கிழித்த முந்தின நாள் தாளில், வைகாசி ஒன்றாம் தேதித் தாளில், நான் மடித்தேன். கடைக்காரர் ஊரில் இல்லாததால் கொடுக்க முடியவில்லை என்று போனில் சொன்னான். சட்டைப்பையிலேயே வைத்துத் திரும்பியிருக்கிறான்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் போலீஸ் பார்ப்பதற்கு முன்னால் அவன் சட்டையிலிருந்து நீ எடுத்து மறைத்த பொட்டலம் அதுதான். ரத்தத்தில் ஊறியிருந்தது, உனக்கு எந்த வாசமும் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டாய். நான் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். தாள் விரிந்து எரியும்போது வைகாசி என்ற எழுத்தைப் பார்த்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, 'கஞ்சாக்கா' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. ஏனென்றால், சொன்னால் ஏன் தேனிக்குப் போனான் என்று கேட்பாய். யார் அனுப்பியது என்று கேட்பாய். அவன் போனில் கடைசியாக அத்தை என்று இருந்ததை நீ பார்த்தாய் அல்லவா? முதல் கால் நான், இரண்டாவது காலும் நான். எங்கே இருக்கிறாய், மணி நாலாகிறது, கொஞ்சம் விரட்டி வா என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே, வந்துட்டேன் அத்தை, வீரபாண்டி தாண்டிட்டேன் என்றான். அதற்கு அப்புறம் லாரியின் ஹாரன்தான் கேட்டது. போன் அணைகிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

'எம்புள்ளயக் கொன்னவ நீதானாடீ' என்று நீ கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கையைக் குறுக்கே வைத்தது நான் இல்லை, என் கை தானாக வந்தது. மூன்று மாதம் உன்னை அந்தப் பொட்டலத்தோடு தூங்கவிட்டது நான். ஊரில் போதைக்காரன் என்று பிள்ளையைப் பேசியபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அந்தக் கோபத்தில் நீ என்னைக் கொளுத்தியிருந்தாலும் எனக்கு அது தகும். ஆனால் நீ என்னை வெட்டியது அதற்காக இல்லை, கஞ்சாவுக்காக. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி.

அந்த வெள்ளை விளக்குப் பெட்டி அவன் வண்டியோடு போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போய்க் கையெழுத்துப் போட்டு, இடது கையால்தான், வாங்கி வந்தேன். நாலில் ஒன்று நசுங்கிவிட்டது. மூன்று எரிகிறது. மச்சான் திட்டிக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். இப்போது மாடி அறையில் இருப்பது வெள்ளை வெளிச்சம். ஊதா இல்லை. மே மாதமே அவன் வந்து மாட்டியிருந்தால் ஆடியில் நீ பார்ப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. அதை நினைத்தால் எனக்குச் சுவரில் தலையை முட்டத் தோன்றுகிறது. முட்டியும் பார்த்துவிட்டேன்.

கோர்ட்டில் நான் சொல்லப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து திடுக்கிட வேண்டாம். நீ என் கழுத்துக்குத்தான் ஓங்கினாய் என்று சொல்வேன். விளக்குக்கு என்று சொல்ல மாட்டேன். சங்கிலியம்மாள் வந்து காலில் விழுந்தாலும் மாட்டேன். ஏனென்றால் அடுத்ததாகப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன், அதை எல்லோரும் நம்ப வேண்டும். தம்பியைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னவள், மருமகனைக் காப்பாற்றவும் ஒரு பொய் சொல்கிறாள் என்று யாரும் பேசக் கூடாது. நான் அவனை விரட்டி வரச் சொன்னதையும் சொல்வேன். மச்சான் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், அவரும் முதல் தடவையாகக் கேட்கட்டும். என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

இதனால் உனக்கு வருஷக்கணக்கில் விழலாம். தெரிந்துதான் சொல்கிறேன். விழுந்தால் மாதம் ஒரு தடவை நான் வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைத் திட்டிவிட்டுப் போவேன். சங்கிலியம்மாள் நம்ம வீட்டிலேயே இருக்கட்டும். நாளையிலிருந்து மாடி அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நல்ல கை வேண்டியிருக்கிறது, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அவன் தொட்ட தட்டு எது, அவன் எழுதி ஒட்டிய டிகிரிச் சீட்டு எது என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். வக்கீல் எழுந்து கஞ்சாவுக்கு மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்று ஆரம்பித்தால், கூண்டில் நிற்கிற நீ அவரை நிறுத்து. கத்தி நிறுத்து. அந்த வார்த்தையால் உனக்கு எத்தனை வருஷம் குறைந்தாலும் வேண்டாம் என்று சொல். பெற்ற பிள்ளையை ஒருமுறை நடுத்தெருவில் அடித்தாய், இன்னொரு முறை நடுக்கோர்ட்டில் அடிக்காதே. என் கைக்கு நீ ஒன்றும் தர வேண்டாம், அவன் பேரைத் திருப்பிக் கொடு.

காய்ந்த இலை கொஞ்சம் வைத்து அனுப்பலாம் என்று மடித்துவிட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன், ஜெயில் வாசலில் அதை என்ன என்று நினைப்பார்கள் என்று உனக்கும் எனக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் வெள்ளை விளக்குக்குக் கீழே இருந்து ஒரு கொத்துப் பறித்து, இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். பச்சைக் கறை தெரியும். காய்ந்தாலும் வாசம் இரண்டு மூன்று நாள் நிற்கும். ஐயா இதைப் பிரித்துப் படித்து உன் கையில் கொடுக்கும்போது கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று கௌமாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உயிரோடு இரு. இருபதாம் தேதி என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே.

தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோ ஈஸ்வரா. கண்ணை மூடி மோந்து பார். நம்ம பிள்ளையின் பையில் இருந்தது இதுதான்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த
பவுனு